விபத்தின் பாவம் யாரைச் சேரும்?

ஆலையிலோ கட்டடச் சாரத்திலோ ஒருவர் இறந்தால் அதை யாரும் கொலை என்பதில்லை, விபத்து என்கிறார்கள். அவரைக் கொல்ல வேண்டும் என்று எவரும் நினைக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் வாங்க வேண்டிய சேப்டி பெல்ட் வாங்கப்படாமல் இருந்திருக்கும். பவர் பிரஸ்ஸின் தடுப்பு, வேலை வேகமாக ஓடட்டும் என்று கழற்றி வைக்கப்பட்டிருக்கும். தொட்டிக்குள் இறங்குமுன் காற்றைச் சோதிக்கும் கருவி பேட்டரி தீர்ந்து ஸ்டோர் ரூமில் கிடந்திருக்கும். எண்ணம் இல்லாத இடத்தில் குற்றம் உண்டா? உண்டென்றால், பல பேர் கைபட்ட வேலையில் அது யாரைச் சேரும்? எச்சரிப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் பாதுகாப்பு அலுவலருக்கு அதில் என்ன பங்கு? இந்தக் கேள்விகள் தொழிற்சாலைச் சட்டத்தைவிட மிகப் பழையவை. சமயங்கள் இவற்றைக் கல்லையும் மாட்டையும் தேரையும் வைத்துக் கேட்டிருக்கின்றன.

முதல் கேள்விக்குப் பௌத்தம் தந்த பதில் எண்ணத்தை மட்டுமே அளவாகக் கொண்டது. பாலி விநய நூலில், உயிர்க்கொலை பற்றிய மூன்றாம் பாராஜிக விதியின் கீழ், சில வழக்குகள் தொகுக்கப்பட்டுள்ளன. அவற்றில் பல கட்டுமான வேலையில் நேர்ந்தவை. ஆளவி என்ற ஊரின் பிக்குகள் விகாரை கட்டுகிறார்கள். கல்லை மேலே ஏற்றும்போது, மேலே நின்ற பிக்குவின் கையிலிருந்து அது நழுவிக் கீழே நின்றவர் தலையில் விழுகிறது. அவர் இறந்துபோகிறார். வாய்ச்சி நழுவி விழுந்த வழக்கும், சாரம் கட்டும்போது நேர்ந்த சாவும் அதே வரிசையில் வருகின்றன. புத்தர் தரும் தீர்ப்பு ஒன்றே: வேண்டுமென்று செய்யாததால் குற்றமில்லை. கொல்லும் எண்ணத்தோடு கல்லை விட்டிருந்தால் மட்டுமே அந்தப் பிக்கு சங்கத்திலிருந்து நீங்க வேண்டும்.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கல் ‘சரியாகப் பிடிக்கப்படாத கல்’ என்றே மூலம் சொல்கிறது. பிடி சரியில்லை என்பது தொகுத்தவருக்குத் தெரிந்திருக்கிறது, ஆனாலும் அது குற்றத்தின் கணக்கில் ஏறவில்லை. விநயம் ஒரு துறவியின் மனத்தூய்மையைக் காக்க எழுந்த நூல் என்பதால் அந்த நோக்கத்துக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தும். கூலிக்கு ஆளமர்த்திச் சாரத்தில் ஏற்றும் ஒருவருக்கு இதே தீர்ப்பைக் கொடுத்தால், எதையும் எண்ணாமலிருப்பதே அவருக்கு மிக வசதியான மனநிலை ஆகிவிடும்.

சமணம் இந்த இடத்தில்தான் வேறு வழி பிரிகிறது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் தன் ஏழாம் அத்தியாயத்தில் இம்சைக்கு இலக்கணம் சொல்லும்போது, பிரமாதத்தின் சேர்க்கையால் உயிரைப் பிரிப்பதே இம்சை என்கிறது. பிரமாதம் என்றால் கவனமின்மை, விழிப்பு தளர்ந்த நிலை. (இன்றைய தமிழில் ‘பிரமாதம்’ பாராட்டுச் சொல்லாகிவிட்டது. பழைய பொருளை அகராதியில்தான் தேட வேண்டும்.) வள்ளுவர் இதே குற்றத்தைப் பொச்சாப்பு என்ற சொல்லால் குறித்து, பொச்சாவாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அந்த அதிகாரம் பொருட்பாலில் அரசனுக்குச் சொன்ன பகுதியில் அமைந்திருக்கிறது. மறதி சாதாரண மனிதனுக்குத் தனிப்பட்ட குறையாக இருக்கலாம், பிறர் உயிரைக் கையில் வைத்திருப்பவனுக்கு அது ஆட்சிக் குறை என்று கருதியே அங்கே வைத்தார் போலும்.

சமணத் துறவி நடக்கும்போது ஒரு நுகத்தடி தூரம் முன்னே தரையைப் பார்த்து நடக்க வேண்டும் என்பது விதி. அப்படி நடந்தும் காலடியில் ஒரு பூச்சி சிக்கி இறந்தால் அவருக்குப் பாவமில்லை. பாராமல் நடந்தவருக்கோ, ஒரு பூச்சியும் சாகாவிட்டாலும் இம்சையின் பாவம் உண்டு. குந்தகுந்தர் தம் பிரவசனசாரத்தில் இதைத் தெளிவாகவே வகுத்திருக்கிறார். வந்தவாசிக்கு அருகிலுள்ள பொன்னூர்மலையோடு மரபு இணைத்துப் பேசும் ஆசிரியர் அவர். உயிர் போனதா இல்லையா என்பது இங்கே இரண்டாம் பட்சம். நடந்த விதமே குற்றத்தைத் தீர்மானிக்கிறது.

மேற்கத்தியத் தத்துவம் இந்தப் புள்ளிக்கு மிகத் தாமதமாக வந்தது. 1976-இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் ‘ஒழுக்க அதிர்ஷ்டம்’ பற்றி எழுதினார்கள். நேகல் காட்டிய உதாரணம் ஒரு லாரி ஓட்டுநர். பிரேக்கைச் சோதிக்காமல் வண்டியை எடுக்கிறார், குறுக்கே ஒரு குழந்தை ஓடி வரலாம், வராமலும் போகலாம். குழந்தை வந்தால் அவர் வாழ்நாள் முழுதும் தன்னை நொந்துகொள்வார். வராவிட்டால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவார். அவர் செய்த பிழை இரண்டிலும் ஒன்றுதான், உலகம் தரும் தீர்ப்பு மட்டும் வேறு. ஏன் இப்படி என்று நேகல் கேட்டார், எளிதில் விடை காணவில்லை. குந்தகுந்தரைப் பின்பற்றும் ஒருவர் இதில் புதிரே இல்லை என்பார்: இரண்டு ஓட்டுநர்களும் சம குற்றவாளிகள், ஒருவர் மட்டும் மாட்டிக்கொண்டார்.

தொழிற்சாலைகளில் இந்தப் பார்வைக்கு நேரான பயன் இருக்கிறது. கிரேனிலிருந்து கழன்ற இரும்புச் சட்டம் ஆளில்லாத இடத்தில் விழுந்தால், ‘நல்லவேளை, யாருக்கும் ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டு வேலை தொடர்கிறது. தொழில் வழக்கில் இதற்கு ‘நியர் மிஸ்’ என்று பெயர். நல்ல பாதுகாப்பு அலுவலர் இதையும் சாவைப் போலவே விசாரித்துப் பதிவேட்டில் எழுதுவார். ஆள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கற்பனைக்காக மட்டும் அவர் எழுதுவதில்லை. சட்டம் கழன்றபோதே பிழை முழுமையாக நடந்துவிட்டது. நம் தண்டனைச் சட்டங்களோ விளைவைத்தான் எண்ணிப் பார்க்கின்றன. 2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 92-ஆம் பிரிவில்கூட, விதிமீறலால் சாவோ படுகாயமோ நேர்ந்தால்தான் அபராதத்துக்குக் குறைந்தபட்ச வரம்பு வந்தது.

கவனம் என்பது மனத்தில் மட்டும் இருந்தால் போதாது, அது சுவராகவும் கம்பியாகவும் எழ வேண்டும் என்பதை யூத மறை சொல்கிறது. உபாகமத்தின் 22-ஆம் அதிகாரம், புதிதாக வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் விழுந்தவனின் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்கிறது. தட்டையான மாடியில் படுப்பதும் தானியம் காயவைப்பதும் அந்த நாட்டிலும் வழக்கம். 12-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் இந்தக் கட்டளையை விரித்து, மூடியில்லாத கிணறு முதல் உயிருக்கு ஆபத்தான எல்லாவற்றுக்கும் பொருத்தினார். யாரும் விழுமுன்பே, விழக்கூடும் என்ற அளவிலேயே கடமை பிறந்துவிடுகிறது. அது விழக்கூடியவனின் கடமையாக இல்லாமல் வீட்டுக்காரனின் கடமையாக இருப்பதும் முக்கியம்.

யாத்திராகமத்தின் 21-ஆம் அதிகாரத்தில் முட்டும் மாடு பற்றிய சட்டம் இன்னும் கூர்மையானது. மாடு ஒருவனை முட்டிக் கொன்றால் மாட்டைக் கல்லெறிந்து கொல்ல வேண்டும், உடைமையாளனுக்குக் குற்றமில்லை. ஆனால் அந்த மாடு முன்பே முட்டுகிற மாடு என்று அவனுக்குச் சொல்லப்பட்டிருந்தும் அவன் கட்டி வைக்காமல் விட்டிருந்தால், அவனும் மரண தண்டனைக்கு உரியவன். சொல்லப்பட்டது என்பதுதான் இங்கே எல்லாவற்றையும் மாற்றுகிறது. எச்சரிக்கை காதில் விழுந்த கணத்திலிருந்து, தெரியாது என்று சொல்லும் உரிமை போய்விடுகிறது.

போபால் இந்தச் சட்டத்தின் வெளிச்சத்தில் பார்க்க வேண்டிய ஊர். யூனியன் கார்பைடு ஆலையில் 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் கசிந்து ஒரு தொழிலாளி இறந்தார். 1982-இல் அமெரிக்கத் தாய் நிறுவனத்திலிருந்து வந்த குழு ஆலையின் பாதுகாப்புக் குறைகளைப் பட்டியலிட்டு அறிக்கை தந்தது. அதே ஆண்டு ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் உள்ளூர் ஏட்டில் ஊருக்கு வரப்போகும் ஆபத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதினார். 1984 டிசம்பர் 2 நள்ளிரவைத் தாண்டியபோது மெத்தில் ஐசோசயனேட் தொட்டியிலிருந்து ஏறத்தாழ 40 டன் வாயு வெளியேறியது. அன்று குளிரூட்டும் அமைப்பு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது, வாயுவை எரிக்கும் கோபுரம் இணைப்பிலேயே இல்லை. மாடு முட்டும் என்று மூன்று முறை சொல்லியாகிவிட்டிருந்தது. பின்னர் நிறுவனம் முன்வைத்த வாதம், அதிருப்தி கொண்ட ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தொட்டியில் தண்ணீர் விட்டார் என்பது. அப்படி எவர்மேலும் வழக்கு நடக்கவில்லை. 1996-இல் உச்ச நீதிமன்றம் குற்றச்சாட்டைக் கவனக்குறைவால் விளைந்த மரணம் என்ற பிரிவுக்குக் குறைத்தது. 2010 ஜூன் 7 அன்று இந்திய அதிகாரிகளுக்குக் கிடைத்த தண்டனை இரண்டு ஆண்டு சிறை, அன்றே ஜாமீன். வேண்டுமென்று செய்தானா, கவனக்குறைவா என்ற இரண்டே பெட்டிகளில் வழக்கைப் பார்த்ததால் வந்த வினை இது. சொல்லியும் கட்டாதவன் என்ற மூன்றாவது பெட்டி யாத்திராகமத்தில் இருக்கிறது.

இங்கே ஊழைப் பற்றியும் ஒரு சொல். விபத்து நடந்த ஆலையில் பூசணிக்காய் உடைத்து, பூசை போட்டு, மறுநாள் ஷிப்டைத் தொடங்குவது நம் ஊர் வழக்கம். ‘அவன் நேரம் அப்படி’ என்று குடும்பத்தாரே சொல்வதுண்டு. துக்கத்தில் இருப்பவர் அப்படிச் சொன்னால் அது ஆறுதல், அதைக் கேள்வி கேட்கக் கூடாது. அதே வாக்கியத்தை மேலாளர் சொன்னால் அது தப்பித்தல். வினைக் கொள்கையை ஏற்றுக்கொள்கிறவர்கூட, இறந்தவரின் பழவினையைப் பற்றி மட்டும் பேசிவிட்டுத் தடுப்பைக் கழற்றியவரின் புதுவினையை மறக்க வழியில்லை. ஆயுத பூசை அன்று இயந்திரத்துக்குப் பொட்டு வைக்கும் கை, மற்ற நாட்களில் அதன் தடுப்பைக் கழற்றாமலிருப்பது அந்தப் பூசையின் நீட்சிதான்.

இரண்டாவது கேள்வி கடினமானது. பெரிய ஆலையில் ஒரு சாவுக்குப் பின்னால் நிறையக் கைகள் இருக்கும். பெல்ட் வாங்கும் செலவை அடுத்த காலாண்டுக்குத் தள்ளியவர், ஒப்பந்தத்தைக் குறைந்த விலைக்குக் கொடுத்தவர், இரவு ஷிப்டை நீட்டியவர், பெர்மிட்டில் தளத்தைப் பார்க்காமல் கையெழுத்திட்டவர், வெல்டிங் பொறியைத் தட்டியவர் என்று வரிசை நீளும். ஒவ்வொருவரும் செய்தது சிறிது. தனித்தனியே பார்த்தால் எந்தக் கையும் கொல்லவில்லை. ‘பல கைகளின் சிக்கல்’ என்று டென்னிஸ் தாம்ப்சன் 1980-இல் இதற்குப் பெயரிட்டார். பங்கு பிரிக்கப் பிரிக்கப் பழி கரைந்து, கடைசியில் அது இயந்திரத்துக்கு மிக அருகில் நின்றவர் தலையில் போய் உட்காரும். அவர் பெரும்பாலும் இறந்தவராகவே இருப்பார்.

தொழிலாளியின் கவனக்குறைவே பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம் என்ற நம்பிக்கைக்கு ஒரு புத்தகம் வலு சேர்த்தது. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஹைன்ரிக், 1931-இல் வெளியிட்ட நூலில் விபத்துகளில் 88 விழுக்காடு ஆட்களின் பாதுகாப்பற்ற செயலால் நேர்வது என்றார். அவர் பார்த்தது காப்பீட்டுக் கோப்புகளையும் ஆலை உரிமையாளர்களின் பதிவேடுகளையும். அவற்றை எழுதியது யார் என்று யோசித்தால் அந்த எண்ணின் எடை குறைகிறது. தொழிலாளிக்குக் கடமையே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. கொடுத்த ஹெல்மெட்டை அணியாமல் விடுவதும், அடுத்தவரைக் காக்கும் தடுப்பைக் கழற்றுவதும் அவருடைய பிரமாதமே. ஆனால் துண்டுக் கணக்கில் கூலி பேசிவிட்டு, தடுப்பைப் போட்டால் துண்டு குறையும்படி வைத்திருந்தால், தடுப்பைக் கழற்றியது யார் கை என்று சொல்வது எளிதல்ல.

பொறுப்பு மேல்நோக்கிப் போக வேண்டும் என்பதைத் தமிழ் மரபு ஒரு கதையில் வைத்திருக்கிறது. திருவாரூரில் மனுநீதிச் சோழனின் மகன் தேரில் போகிறான், துள்ளி வந்த கன்று சக்கரத்தில் சிக்கி இறக்கிறது, தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைக்கிறது. இளவரசன் வேண்டுமென்று செய்யவில்லை என்பதைக் கதை மறைக்கவில்லை. அமைச்சர்கள் பரிகாரம் செய்துவிடலாம் என்கிறார்கள், அரசன் மறுத்துத் தன் மகன்மேல் தானே தேரைச் செலுத்துகிறான். அந்தத் தண்டனையை இன்று யாரும் நீதி என்று ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் கூடாது. ஆனால் பெரியபுராணத்தில் சேக்கிழார் அரசன் வாயில் வைக்கும் வாதம் கவனிக்கத்தக்கது. உயிர்களுக்கு ஐந்து இடங்களிலிருந்து அச்சம் வரலாம், அவற்றை நீக்குவதே காவல் என்கிறான் அவன். பகைவர், கள்வர், விலங்குகள் எல்லாம் அந்த ஐந்தில் உண்டு. ஆனால் பட்டியலில் முதலில் வருவது அரசனாகிய தானே, இரண்டாவது தன்னைச் சேர்ந்தவர்கள். தன் ஆட்கள் செய்தது தன் கணக்கில் வரும் என்பதை அவன் விவாதப் பொருளாகக்கூட எடுக்கவில்லை.

சட்டம் அந்த இடத்துக்கு வர 1987 வரை ஆயிற்று. தொழிற்சாலைகள் சட்டத்தில் ஆலைக்குப் பொறுப்பானவர் ‘ஆக்குபையர்’ எனப்பட்டார், ஆலையின் நடப்பில் இறுதிக் கட்டுப்பாடு உடையவர் என்று பொருள். நிறுவனங்கள் ஓர் ஊழியரை இந்தப் பெயரில் நியமித்துவிட்டு இயக்குநர்களை ஒதுக்கி வைத்துக்கொண்டன. போபாலுக்குப் பின் வந்த திருத்தம், நிறுவனமென்றால் அதன் இயக்குநர்களில் ஒருவரே ஆக்குபையர் என்றது. ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது: இயக்குநர் அல்லாத அலுவலரை அந்த இடத்தில் நிறுத்த முடியாது. பணம் ஒதுக்கவும் இயந்திரத்தை நிறுத்தவும் யாரால் முடியுமோ அவரே பதில் சொல்ல வேண்டும் என்ற எளிய நியாயம்தான் இது. சட்டத்தின் 101-ஆம் பிரிவு அவருக்கு ஒரு வாசலையும் திறந்து வைத்திருந்தது. தான் உரிய கவனத்தோடு நடந்ததையும், தனக்குத் தெரியாமல் வேறொருவர் குற்றம் செய்ததையும் நிரூபித்தால் அவர் விடுபட முடிந்தது. மேலே இருப்பவர் பொறுப்பு என்பதால் கீழே இருப்பவர் விடுதலை பெறுவதுமில்லை. தவறான செயலுக்குத் தூதன் என்ற நிலை கிடையாது என்பது யூதச் சட்ட நூலான தால்முதின் கொள்கை. ‘மேனேஜர் சொன்னார், செய்தேன்’ என்ற சூப்பர்வைசரின் பதில் அங்கே செல்லாது.

மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் நடுவில் நிற்பவர் பாதுகாப்பு அலுவலர். 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் 40-பி என்ற பிரிவைச் சேர்த்து, 1,000 தொழிலாளர்களும் அதற்கு மேலும் உள்ள தொழிற்சாலைகளில் இவரை நியமிக்கச் சொன்னது. மாதிரி விதிகள் இவர் பணியை, நிர்வாகம் தன் கடமைகளை நிறைவேற்ற ஆலோசனை சொல்லி உதவுவது என்று வரையறுத்தன. இவருக்கு மூத்த அதிகாரியின் தகுதி தர வேண்டும், இவர் ஆலையின் தலைமை அதிகாரிக்கு நேரடியாகக் கீழே இருக்க வேண்டும், இந்தப் பணியைக் கெடுக்கும் வேறு வேலை தரக் கூடாது என்றும் அவை கூறின. வாசித்தால் கௌரவமான பதவி. தளத்தில் நிலைமை வேறு. ‘சேப்டி வராரு’ என்ற குரல் கேட்டதும் ஹெல்மெட்டுகள் தலைக்கு ஏறும், அவர் திரும்பியதும் இறங்கும். நிர்வாகத்துக்கு அவர் வேலையைத் தாமதப்படுத்துபவர், தொழிலாளிக்கு நிர்வாகத்தின் ஆள்.

இவருடைய அறத்தை எசேக்கியேலின் 33-ஆம் அதிகாரத்தைவிடத் துல்லியமாகச் சொன்ன நூல் வேறில்லை. ஊரார் தங்களுக்குள் ஒருவனைக் காவற்காரனாக வைக்கிறார்கள். பட்டயம் (பகைவரின் வாள்) வருவதைக் கண்டு அவன் எக்காளம் ஊதினால், கேட்டும் எச்சரிக்கையாகாதவனின் இரத்தப்பழி அவனவன் தலைமேல். கண்டும் ஊதாமலிருந்தால், இறந்தவனின் பழி காவற்காரன் கையில் கேட்கப்படும். ஊதுவதுதான் அவன் கடமை, பட்டயத்தைத் தடுப்பதல்ல. இதன்படி பாதுகாப்பு அலுவலரின் குற்றம் எல்லை வகுத்த குற்றம். கண்ட ஆபத்தை எழுத்தில் சொல்லாமல் விடுவது, பார்க்காத தளத்துக்குப் பெர்மிட் கொடுப்பது, ஆய்வுக்கு முந்தின இரவு உட்கார்ந்து ஆறு மாதப் பதிவேட்டை ஒரே பேனாவில் எழுதி முடிப்பது இவையெல்லாம் அவருடையவை, வேறு யாருடையவையும் அல்ல. முறையாகச் சொல்லியும் பணம் ஒதுக்கப்படவில்லை என்றால் அந்தப் பழி அவரைத் தாண்டிப் போகிறது.

உவமை ஓர் இடத்தில் உடைகிறது. எசேக்கியேலின் காவற்காரனை நியமித்தவர்கள் ஆபத்துக்கு உள்ளாகும் ஊர் மக்களே. பாதுகாப்பு அலுவலரை நியமிப்பதும் சம்பளம் தருவதும் வேலையை விட்டு அனுப்புவதும், எச்சரிக்கையைக் கேட்க வேண்டிய நிர்வாகம். அவருடைய எக்காளம் ஒரே ஓர் அறைக்குள்தான் ஒலிக்கிறது. அங்கே காது மூடியிருந்தால் ஊருக்கு எதுவும் கேட்காது. இடித்துரைப்பாரைத் துணைக்கொள்ளாத அரசன், கெடுக்கும் பகைவர் இல்லாமலே கெடுவான் என்று வள்ளுவர் எச்சரித்தது இந்த அறையில் இருப்பவரைத்தான். இடித்துரைப்பவருக்குப் பணிப் பாதுகாப்பு என்ன என்பதை வள்ளுவர் சொல்லவில்லை, நம் விதிகளும் போதிய அளவு சொல்லவில்லை. ஆகவே விபத்து நடந்ததும் முதல் பணிநீக்க ஆணை அவர் பெயருக்கு வருகிறது. லேவியராகமத்தில் ஊரின் பாவத்தையெல்லாம் தலையில் ஏற்றி வனாந்தரத்துக்கு ஓட்டிவிடும் போக்காடு ஒன்று உண்டு. அந்த ஆடு எந்தப் பாவத்தையும் செய்ததில்லை என்பது சடங்கை நடத்தியவர்களுக்கும் தெரியும். ஆலையில் அதே சடங்கு நடக்கும்போது அதை ‘நடவடிக்கை’ என்கிறார்கள்.

2020-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பாதுகாப்பு அலுவலருக்கான வரம்பைத் தொழிற்சாலைகளில் 500 பேராகவும், ஆபத்தான தொழில்களிலும் கட்டுமானத்திலும் 250 பேராகவும், சுரங்கங்களில் 100 பேராகவும் குறைத்திருக்கிறது. முன்னேற்றம்தான். ஆனால் இருபது பேர் வேலை செய்யும் பவுண்டரிக்கும், நாற்பது பேருள்ள பட்டாசு ஆலைக்கும், நான்கு மாடி வீடு கட்டும் மேஸ்திரியின் குழுவுக்கும் இந்தப் பதவி வராது. அங்கெல்லாம் ஆபத்தைக் காண்பதும் சொல்வதும் கேட்பதும் ஒரே ஆளின் வேலை. அதே தொகுப்பின் 6-ஆம் பிரிவு பணியிடத்தை ஆபத்தில்லாமல் வைத்திருக்கும் கடமையை முதலாளி மேல் வைக்கிறது. அந்தக் கடமை 500 பேர் சேரும்வரை காத்திருப்பதில்லை, பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திலிருந்தே தொடங்குகிறது.